அம்பாசடருக்கு எலெக்ட்ரிக் ஃபேன்: டைனமோவிலிருந்து தெர்மோ சுவிட்ச் வரை

கேள்வி இதுதான்: மார்க் 2 அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், டைனமோ மாற்றப்படவில்லை. சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பெல்ட்டில் ஓடும் ஃபேனை எடுத்துவிட்டு, சூடு ஏறினால் தானே ஓடி, இறங்கினால் தானே நிற்கும் எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா? எந்த சுவிட்ச், எப்படி வயரிங்?

போடலாம். ஒழுங்காகப் போட்டால் அருமையாக வேலை செய்யும். அந்தக் காலத்து வண்டிக்கு ஒவ்வாத வேலையும் அல்ல. 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப், ரேடியேட்டரின் மேல் தொட்டியில் வெப்ப சுவிட்ச் வைத்த எலெக்ட்ரிக் ஃபேனோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. ஆனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் குறை காற்றில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்தது சார்ஜிங். அதன்பின் எத்தனை டிகிரி சுவிட்ச் என்ற முடிவு. ஃபேன் வாங்குவது கடைசி. நடைமுறையில் பலரும் ஃபேனை முதலில் வாங்கிவிட்டு, மற்றதை அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். பேட்டரி இறங்குவதும் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) உருகுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் நோட்டம். வண்டி நின்றால் சூடாகி, 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடியதும் முள் இறங்கினால், ரேடியேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது காற்று போதவில்லை என்று பொருள். எலெக்ட்ரிக் ஃபேன் தீர்ப்பது இந்த ஒரு குறையை மட்டுமே. நெடுஞ்சாலையில் ஓடும்போதே சூடாகிறதென்றால் எந்த ஃபேனும் உதவாது. அந்த வேகத்தில் கிரில் வழியே தானாக வரும் காற்று, 12 அங்குல ஃபேன் இழுப்பதை விட அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் ரேடியேட்டர் டியூப் அடைப்பு, டைமிங் பின்தங்கியிருப்பது, டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருப்பது, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பது, ஹெட் கேஸ்கெட் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பல வருடம் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பிளாக்கில் துருவும் உப்புப் படிவும் பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றி, சேறாகத் தங்கியிருக்கும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல், கம்பியால் குத்தியபின் செம்மண் போல வடிகிறதென்றால், கோர் பிளக்குகளை (பிளாக்கின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) கழற்றி உள்ளே கழுவும் வேலை முதலில் முடிய வேண்டும்.

தெர்மோஸ்டாட் (என்ஜின் தண்ணீர் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். "வெயில் ஊருக்கு இது எதற்கு" என்று கழற்றி எறிந்துவிட்ட அம்பாசடர்கள் ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் தேவைக்கு மேல் குளிர்ந்து ஓடும். பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். நெரிசலில் சூடாவது மட்டும் குறையாது. ஃபேன் சுவிட்சின் கணக்கும் தெர்மோஸ்டாட்டின் எண்ணை வைத்தே போடப்படுவதால், அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. இந்த பி-சீரிஸ் என்ஜினுக்கு 82 டிகிரி வழக்கமானது. வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி உண்டு. இரண்டில் எது வேண்டுமானாலும் போடுங்கள், எது போட்டிருக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் சேர்த்துப் பாருங்கள். 4 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) மூடியில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும், 7 பி.எஸ்.ஐ. மூடியில் 111, 112-ல். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்தக் கூடுதல் இடைவெளி முழுவதும் போய்விடும். அதற்காக 13 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டாதீர்கள். பழைய ஈயப்பற்று ரேடியேட்டரும் ஹீட்டர் குழாயும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

இனி சார்ஜிங். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது லூகாஸ் சி40 வகை டைனமோ என்றால் அதன் உச்சம் 22 ஆம்பியர்; அதற்கு முந்தைய சி39 என்றால் 19. இந்த அளவும் டைனமோ நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டிய பிறகே கிடைக்கும். ஐட்லிங்கில், என்ஜின் 600, 700 சுற்றில் இருக்கும்போது, டைனமோ கட்-அவுட்டைக்கூட (டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) மூட முடியாமல் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அதாவது அந்த நேரத்தில் சார்ஜ் என்பதே கிடையாது. எலெக்ட்ரிக் ஃபேன் அதிகம் ஓடுவதும் அதே நேரத்தில்தான். 10 ஆம்பியர் ஃபேன் அரை மணி நேர நெரிசலில் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர்-மணி எடுத்துவிடும். இரவில் விளக்கும் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல்.

கூட்டிப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் இரண்டுக்கு 9 ஆம்பியர், பின்விளக்குகளும் டேஷ்போர்டும் 2 முதல் 3, இக்னிஷன் 3 முதல் 4, வைப்பர் 3, ஃபேன் 10. மழை இரவில் மொத்தம் 27 முதல் 29 ஆம்பியர். டைனமோவின் உச்சமே 22. ஆகவே என் முடிவு தெளிவானது: டைனமோவை வைத்துக்கொண்டு பெல்ட் ஃபேனைக் கழற்றாதீர்கள். டைனமோ கட்டாயம் இருக்க வேண்டும், வண்டி அசல் நிலையிலேயே நிற்க வேண்டும் என்றால் பெல்ட் ஃபேனையும் விட்டுவைத்து, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே 10 அங்குல ஃபேன் ஒன்றைத் துணைக்கு மட்டும் போடுங்கள். அல்லது எலெக்ட்ரிக்கே வேண்டாம். இருக்கும் ஃபேனைச் சுற்றித் தகட்டில் ஒரு கவசம் அடித்துப் பொருத்தினாலே நெரிசலில் நல்ல வித்தியாசம் தெரியும். வெறும் ஃபேன், இறக்கை நுனிகளைச் சுற்றி என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே மறுபடி இழுத்துச் சுழற்றுகிறது. கவசம் அதைத் தடுக்கிறது.

முழுமையாக மாற்றுவதென்றால், டைனமோவுக்குப் பதிலாக, குறைந்த சுற்றிலும் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் வேண்டும். 35 ஆம்பியருக்குக் குறையாதது, ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பது. லூகாஸ் 17ஏ.சி.ஆர். 36 ஆம்பியர் தரும். சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டி.வி.எஸ். தயாரித்தவை பழைய பாகங்கள் கடைகளில் புழங்குகின்றன. சிறிய கார்களின் ஆல்டர்னேட்டரை பிராக்கெட் செய்து பொருத்துவதும் வழக்கம்தான். எதுவானாலும் உடலில் உள்ள தகட்டில் ஆம்பியரைப் படித்துவிட்டு வாங்குங்கள், புல்லியின் பள்ளம் உங்கள் பெல்ட் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மெயின் வயர் 6 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. டைனமோ காலத்துப் பழைய வயரை நம்ப வேண்டாம்.

பாசிட்டிவ் எர்த் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கால பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். உங்கள் வண்டியில் இன்று எது பாடியோடு இணைந்திருக்கிறது என்று பேட்டரியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், பானெட்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து அல்ல. ஆல்டர்னேட்டர் வந்துவிட்டால் நெகட்டிவ் எர்த் ஆக்குவதே சுலபம்: பேட்டரியைத் திருப்பி, காயிலின் இரண்டு வயரையும் ஆம்மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள், இல்லையேல் எரிந்துவிடும். பாசிட்டிவ் எர்த்திலேயே துணை ஃபேன் போடுபவர்கள், உள்ளே டயோடு இல்லாத ரிலே வாங்க வேண்டும். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு மட்டுமே.

ஃபேன் தேர்வு அவ்வளவு சிக்கலில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால், என்ஜின் பக்கத்தில் நின்று இழுக்கும் வகைதான் சிறந்தது. முன்னால் நின்று தள்ளும் வகை, தானே காற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அம்பாசடரில் பெல்ட் ஃபேனை எடுத்தபின் 12 அங்குல இழுக்கும் ஃபேனுக்குப் பொதுவாக இடம் கிடைக்கும். ஆனாலும் வாங்குமுன் ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் புல்லி முகத்துக்கும் இடைவெளி எத்தனை என்று அளந்து, ஃபேன் மோட்டாரின் மொத்தத் தடிமனோடு ஒப்பிடுங்கள். என்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடும், திடீர் பிரேக்கில் முன்னே வரும், 20 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும்.

பெல்ட் ஃபேனைக் கழற்றும்போது ஒரு சிறு விஷயம் பெரிய சேதம் செய்யும். ஃபேனையும் புல்லியையும் ஒரே நான்கு போல்ட்டுகள்தான் பம்ப் ஹப்பில் பிடித்திருக்கின்றன. ஃபேனின் தடிமன் போனதும் அதே போல்ட்டுகள் நீளமாகி, மறுபக்கம் நீட்டிக்கொண்டு பம்ப் உடலில் உரசலாம். அதே மரையில் குட்டையான போல்ட் போடுங்கள், ஸ்பிரிங் வாஷரோடு. முறுக்கியபின் புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

ஃபேனை ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பி செருகிக் கட்டும் கிட் வரும். அதைத் தொடாதீர்கள். ஃபேனின் எடையும் அதிர்வும் மெல்லிய பித்தளை டியூப்பின் மேல் விழுந்து, சில மாதத்தில் நடுவில் கசியும். அந்த இடத்தில் பற்றுவைப்பதும் கடினம். 20×3 மி.மீ. பட்டை இரும்பில் மேலும் கீழுமாக இரண்டு குறுக்குப் பட்டை செய்து, ரேடியேட்டரின் பக்கவாட்டு போல்ட்டுகளிலேயே ரப்பர் புஷ் வைத்துப் பிடியுங்கள். ஃபேன் வளையத்துக்கும் துடுப்புக்கும் நடுவே ஃபோம் பட்டை. தகட்டுக் கவசத்தோடு செய்வதென்றால், கவசத்துக்கும் துடுப்புக்கும் இடையே 20, 25 மி.மீ. ஆழம் கொடுங்கள்; அப்போதுதான் ஃபேன் வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூலைகளிலிருந்தும் காற்று இழுபடும்.

இப்போது சுவிட்ச். எத்தனை டிகிரி என்பது, அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல் ஹோஸில் அல்லது மேல் தொட்டியில் வைத்தால், என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான தண்ணீரை அது அளக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும் எண்ணுக்கு 10 முதல் 15 டிகிரி மேலே ஃபேன் தொடங்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 92-ல் தொடங்கி 87-ல் நிற்கும் சுவிட்ச். 74-க்கு 88-ல் தொடங்கி 83-ல் நிற்பது. கீழ்த் தொட்டியில் வைத்தால், ரேடியேட்டரில் குளிர்ந்து வெளியேறும் தண்ணீரை அளக்கிறது. அங்கே 82-ல் தொடங்கி 77-ல் நிற்பது பொருந்தும். மேலே வைக்க வேண்டிய இடத்தில் 82/77 சுவிட்சைப் போட்டால், 82 தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஃபேன் நிற்கவே நிற்காது. கீழே 95 போட்டால், மேலே தண்ணீர் கொதிநிலையை நெருங்கிய பிறகுதான் ஃபேன் தொடங்கும். "தெர்மோ ஃபேன் போட்டும் பயனில்லை" என்று சொல்லப்படும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடப்பொருத்தம்தான்.

எனக்குப் பிடித்தது கீழ்த் தொட்டி. காரணம், தண்ணீர் மட்டம் குறைந்தால் மேலே இருக்கும் சுவிட்ச் காற்றிலோ நீராவியிலோ தொங்கும். ஃபேன் மிகத் தேவைப்படும் நேரத்தில் அது சரியாக உணராது. கீழே இருப்பது கடைசிவரை தண்ணீரில் இருக்கும். ரேடியேட்டர் பட்டறையில் 22 மி.மீ., 1.5 பிட்ச் மரை கொண்ட பித்தளை பாஸ் ஒன்றைத் தொட்டியில் பற்றுவைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய கார்களின் ஃபேன் சுவிட்சுகளில் மிகப் பரவலான மரை அது. செம்பு வாஷர் வைத்து முறுக்க வேண்டும், நூலோ டேப்போ தேவையில்லை. ரேடியேட்டரில் கைவைக்க விருப்பமில்லையென்றால், ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினியக் குழாய் கிடைக்கிறது. ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். ரப்பருக்கு நடுவே இருப்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை சுவிட்ச் என்றால் குழாயிலிருந்து தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். ஹோஸ் வாயில் மெல்லிய கேப்பிலரி குழாயை நுழைத்து ரப்பர் ஆப்பு வைக்கும், திருகிச் சரிசெய்யும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாய் என்றாவது கசியும்.

எந்த சுவிட்சாக இருந்தாலும் பொருத்துமுன் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, சுவிட்சின் உலோகப் பகுதி மட்டும் மூழ்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்துத் தெர்மாமீட்டரோடு பாருங்கள். உடலில் அச்சிட்ட எண்ணிலிருந்து இரண்டு, மூன்று டிகிரி விலகல் சகஜம். பத்து டிகிரி விலகினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

வயரிங்குக்கு நான்கு முனை, 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே. செல்ஃப் சொலினாய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) பேட்டரி கேபிள் வந்து சேரும் முனையிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் எடுத்து, 15 செ.மீ.க்குள் பிளேடு ஃப்யூஸ் ஒன்று, அதிலிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு (87, 86, 85 என்பவையும் ரிலேயின் முனை எண்களே). ரிலேயின் 87-லிருந்து அதே தடிமனில் ஃபேனுக்கு. ஃபேனின் மறு வயர் நேராக சேஸிஸ் எர்த்துக்கு, பெயின்ட் சுரண்டிய இடத்தில். ரேடியேட்டர் உடலை எர்த்தாக நம்பாதீர்கள்; அது ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கலாம். ரிலே காயிலின் 86-க்கு இக்னிஷன் மின்சாரம். பழைய லூகாஸ் ஃப்யூஸ் பெட்டியில் ஏ4 முனை, ஃப்யூஸ் கடந்து வரும் இக்னிஷன் முனை. அங்கிருந்து 1 சதுர மி.மீ. வயர் போதும். காயிலின் 85 தெர்மோ சுவிட்சுக்குப் போகிறது, சுவிட்ச் அதை எர்த் செய்கிறது. இரண்டு முனை சுவிட்சானால் மறுமுனைக்கும் எர்த் வயர்.

10 ஆம்பியர் ஃபேனுக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸ். தொடங்கும் கணத்தில் மோட்டார் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். 10, 15 ஆம்பியர் ஃப்யூஸ் நாள்பட்டு சோர்ந்து நடுரோட்டில் போகும். பழைய கண்ணாடி ஃப்யூஸ் பெட்டியில் ஃபேனைச் சேர்க்க வேண்டாம். லூகாஸ் 35 என்று அச்சிட்டிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே, அதிலும் அந்த வயதான கிளிப்புகள் சூடாகும்.

ஃபேனின் மின்சாரத்தையும் ரிலே காயிலின் மின்சாரத்தையும் இக்னிஷன் வயர் ஒன்றிலிருந்தே எடுப்பது கூடாது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது சாவியை அணைத்தால், மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி, ரிலேயையும் இக்னிஷன் காயிலையும் சில நொடி உயிரோடு வைத்திருக்கும். என்ஜின் உடனே நிற்காது. மேலே சொன்னபடி பேட்டரியிலிருந்து தனியே எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தெர்மோ சுவிட்சுக்கு இணையாக டேஷ்போர்டு அடியில் ஒரு கை சுவிட்ச் வையுங்கள். தெர்மோ சுவிட்ச் செத்தாலும் வீடு வந்து சேரலாம். 87-லிருந்து ஒரு சிறு விளக்கும் எடுத்தால், ஃபேனுக்கு மின்சாரம் போவது தெரியும். என்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். அம்பாசடருக்குத் தேவையில்லை: பம்ப் நின்றபின் தண்ணீர் சுழலாது, ஃபேன் குளிர்விப்பது ரேடியேட்டரில் நிற்கும் தண்ணீரை மட்டும். ஆம்மீட்டர் உள்ள வண்டியில் ஒன்றை நினைவில் வையுங்கள்: சொலினாய்டிலிருந்து எடுத்த ஃபேன் ஓடும்போது, அந்த 10 ஆம்பியரும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது போல முள் காட்டும். ஓவர் சார்ஜ் என்று ரெகுலேட்டரை மாற்றிவிடாதீர்கள்.

முடித்தபின் முதல் சோதனை, சுற்றும் திசை. ஃபேனை கை சுவிட்சில் ஓடவிட்டு, கிரில் பக்கம் ரேடியேட்டர் மேல் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் வயர் இரண்டையும் மாற்றுங்கள். தள்ளுவதற்கென்று வளைத்த இறக்கையானால் திசை மாறினாலும் முழுக் காற்று வராது. இறக்கையையே திருப்பிப் போட வேண்டும். பிறகு ஃபேன் ஓடும்போது பேட்டரியிலும் ஃபேன் முனையிலும் வோல்ட் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ க்ரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பிடித்த இணைப்பு) அல்லது எர்த் மோசம். ரிலே சாக்கெட் உருகுவது பெரும்பாலும் இந்த மோசமான க்ரிம்பினால்தான். கடைசியாக மதிய வெயிலில் இருபது நிமிடம் ஐட்லிங், ஹெட்லைட்டும் போட்டு. பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தொட்டியை அளப்பவர்கள், அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பளபளக்கும் பித்தளை நிஜத்தை விடக் குறைவாகக் காட்டும்.

ஃபேன் ஓடி, ஐந்து நிமிடத்தில் நின்று, மறுபடி ஓடுவதுதான் சரியான நடை. நிற்காமல் ஓடினால் சுவிட்ச் எண் குறைவு, அல்லது ரேடியேட்டர் அடைப்பு. சில நொடிக்கொருமுறை படபடவென்று தொடங்கி நின்றால், எர்த் தளர்ந்திருக்கிறது அல்லது சுவிட்ச் பாதி மூழ்கியிருக்கிறது. நகரில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் மட்டும் புதிதாகச் சூடானால், ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது, அல்லது தகட்டுக் கவசம் காற்றை மறிக்கிறது. கவசத்தின் மூலைகளில் துளை வெட்டி, வேகக் காற்றில் தானே திறக்கும்படி ரப்பர் மடிப்பு வைத்தால் தீரும்.

மழைக்காலத்துக்கு, ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், மோட்டாரின் வடிகால் துளை அடிப்பக்கம் வரட்டும். தேங்கிய தண்ணீரில் இறங்குமுன் ஃபேனை நிறுத்த வழி இருக்க வேண்டும். சுற்றும் பிளாஸ்டிக் இறக்கை தண்ணீரில் அடிபட்டால் முன்னே வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும். 86-க்குப் போகும் வயரில் ஒரு சுவிட்ச் இதற்குப் போதும். கழற்றிய பெல்ட் ஃபேனையும் அதன் நீள போல்ட்டுகள் நான்கையும் டிக்கியில் வைத்திருங்கள். வெளியூரில் மோட்டார் எரிந்தால், எலெக்ட்ரிக் ஃபேனை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த நான்கு போல்ட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.